இரண்டாம் ஷிப்டுக்குப் போன லட்டு

போன மாதம் ஒரகடத்தில் ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரசாயன ஆலைகளில் கார்பன் கணக்குப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கான பயிற்சி முகாம் அது. ஓய்வுபெற்றவள் என்பதால் முதல் வரிசையில் நாற்காலி, தோளில் பொன்னாடை, கையில் ஒரு தொட்டிச் செடி. எனக்கு முன்னால் பேசியவர் எங்கள் பழைய பிளான்ட் ஹெட். நான் வேலை பார்த்த ஆலையின் கணக்கை வரைபடமாகத் திரையில் போட்டு, கார்பன் எப்படிப் படிப்படியாகக் குறைந்தது என்று காட்டினார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தப் படத்தில் முதல் இறக்கம் எப்படி வந்தது என்று அந்த அரங்கில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேடையில் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தியான நான் தொட்டிச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பேச எழுந்தபோது ஏற்பாட்டாளர் காதருகே வந்து, "மேடம், கொஞ்சம் பாசிட்டிவா பேசுங்க" என்றார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். படப்பையில் என் வீட்டுக்கு வந்த பிறகும் விட்டுவிட மனசில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பாசிட்டிவாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலை, கார்களுக்கு அடிக்கும் பெயின்டுக்கான பிசினை, அதாவது ரெசினை, காய்ச்சும் ஆலை. காய்ச்சும்போது கரைப்பானின் ஆவி வரும். தின்னர் டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அதே வாடைதான், ஆலை அளவுக்கு. அதை அப்படியே வெளியே விட்டால் சுற்றியிருப்பவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் அந்த ஆவியைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், எரிவாயு போட்டுக் கொளுத்தும் ஒரு பெரிய உலை உண்டு. அதற்குப் புத்தகத்தில் நீளமான பெயர். ஆலையில் எல்லோரும் அடுப்பு என்றே சொல்வோம். ஆலை ஓடும் நேரமெல்லாம் அடுப்பும் எரிய வேண்டும் என்பது உரிமத்திலேயே இருக்கும் நிபந்தனை. சுற்றுச்சூழல், பாதுகாப்பு இரண்டும் என் பொறுப்பில் இருந்தன.

ஒருநாள் எங்கள் பெரிய வாடிக்கையாளரான கார் கம்பெனியிடமிருந்து தாக்கீது வந்தது. சரக்கு கொடுக்கிறவர்கள் எல்லோரும் கார்பன் கணக்குக் காட்ட வேண்டும், வருடா வருடம் குறைத்துக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும். நல்ல விஷயம்தான். நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். இத்தனை வருடம் நான் கத்தியபோது காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், வாங்குகிறவன் இருமியதும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அளக்கும் வேலை எனக்கு வந்தது. பாய்லர் எரிக்கும் எண்ணெய், வாங்கும் மின்சாரம், லாரி, ஏசியிலிருந்து கசியும் வாயு என்று ஒன்று விடாமல் பிடித்தேன். கேன்டீனில் சிலிண்டரை எண்ணப் போனபோது மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாம்பாருக்குமா மேடம் கார்பன்?" என்று கேட்டார். "உங்க சாம்பார் கொதிக்கிற நேரத்துக்கு நிறையவே வரும் மாஸ்டர்" என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பரிமாறும்போது, "கார்பன் கம்மியா ஊத்தட்டுமா?" என்று கேட்பார்.

கணக்கு வந்தது. முதலிடம் பாய்லருக்கு. இரண்டாமிடம் அடுப்புக்கு. அடுப்பு எரிவாயுவைத் தின்கிறது, ஆவியைக் கொளுத்தும்போது அதிலிருந்தும் கார்பன் வருகிறது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாம் கணக்கெடுக்கும் பட்டியலில் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் மட்டுமே உண்டு. கரைப்பான் ஆவி அந்தப் பட்டியலில் கிடையாது. அதை எரித்தால் கணக்கு ஏறும். எரிக்காமல் நேராகப் புகைபோக்கியில் விட்டால் கணக்கில் ஒன்றும் ஏறாது. பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கில்தான் ஏறும். அதனால் அறிக்கையில் அடுப்பின் வரிக்கு எதிரே, இதைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தேன்.

குறைக்க வழியா இல்லை? இருந்தது. நீராவிக் குழாய்கள் பல இடங்களில் சீறிக்கொண்டிருந்தன. ஆறிய நீராவி நல்ல வெந்நீராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து வெளியேறும் சூடு சும்மா வானத்துக்குப் போனது. அந்தச் சூட்டைப் பிடித்துத் திருப்பினாலே பாய்லருக்குப் பாதிச் சுமை இறங்கும். ஆனால் ஆலையைச் சில நாள் நிறுத்திக் குழாய் வேலை பார்க்க வேண்டும்.

பிளான்ட் ஹெட் என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "நிறுத்தறதா? சரக்க யாரு அனுப்பறது, நீங்களா?" என்றார்.

"வேற வழியில குறைக்க முடியாது சார்."

"நீங்க அளக்கிற ஆளு மேடம். குறைக்கிறத நாங்க பாத்துக்கறோம்."

அப்படியே செய்தார். பசுமைக் குழு என்று ஒன்று அமைத்தார். அதில் நான் இல்லை. சென்னையிலிருந்து இரண்டு ஆலோசகர்கள் லேப்டாப்போடு வந்து போனார்கள். வாசலில் மரக்கன்று நட்டார்கள். கன்ட்ரோல் ரூமில் ஒரு திரை மாட்டினார்கள். எந்த ஷிப்டில் எவ்வளவு கார்பன் என்று அது காட்டும். குறைவாக இருந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. வாரத்தின் கடைசியில் குறைவாகக் காட்டிய ஷிப்டுக்கு லட்டுப் பெட்டி, நோட்டீஸ் போர்டில் பெயர். பயிற்சிக் கூடத்தின் ஏசியைக்கூட நிறுத்தி, ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள் என்று ஒட்டியிருந்தார்கள்.

எண் இறங்க ஆரம்பித்தது. சும்மா இல்லை, மடமடவென்று இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், லட்டு ஒரு வாரம்கூடப் பகல் ஷிப்டுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ஆலையில் ஆட்கள் வாரத்துக்கு ஒரு முறை ஷிப்டு மாறுவார்கள். பகலில் தோற்ற அதே குழு, அடுத்த வாரம் மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாம் ஷிப்டுக்குப் போனதும் ஜெயித்தது. ஆட்களும் அவர்களே, ரெசின் காய்ச்சும் பெரிய கலனான கெட்டிலும் அதுவே, ரெசினும் அதுவே. சூரியன் இறங்கியதும் எல்லோருக்கும் எங்கிருந்து இந்தத் திறமை வந்தது?

கேட்டேன். "பர்னர் டியூனிங் மேடம், கேஸ் கம்மியா எரியுது" என்றார்கள். டியூனிங் செய்தவர் கொடுத்த அறிக்கையைக் காட்டுங்கள், அப்புறம்தான் கார்பன் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். இதோ அனுப்புகிறோம் என்றார்கள். அது வரவே இல்லை. அதற்கு முன்னால் இசக்கியம்மாள் வந்தாள்.

இசக்கி வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். டிப்ளமோ படித்துவிட்டு எங்களிடம் டிரெய்னி ஆபரேட்டராக இருந்தாள். டிரெய்னி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சாலையில் பாதி ஆலைகள் அவர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. பர்மனென்ட் ஆள் செய்யும் அதே வேலை. மூன்று வருடம் முடிந்ததும் ஒன்று நிரந்தரமாக்குவார்கள், இல்லை பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். இசக்கிக்கு மூன்றாம் வருடம் முடியும் தறுவாய். அந்த வேலை நிரந்தரமாவதற்காகவே அவள் ஒரு நாள் லீவு போடாமல் இருந்தாள். அந்தப் பெண் என் அறைக்கு வந்து, குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்ற காகிதத்தை மேசையில் வைத்தாள். மேலதிகாரியின் உத்தரவில்லாமல் அடுப்பை இயக்கியது. காய்ச்சிக்கொண்டிருந்த பேட்சைத் தாமதப்படுத்தியது. அதனால் அந்த மாதக் கார்பன் இலக்கு தவறியது. மூன்று குற்றங்கள்.

"இயக்கியதா? அடுப்பு எப்பவும் எரியணுமேம்மா. அணைஞ்சிருந்துதா?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா மேடம்? ஆபீஸ் பஸ்சு கெளம்பினதும் அடுப்ப ஸ்டாண்ட்பைல போட்ருவாவ. ஆவி நேரா மேல போயிரும். விடியங்காட்டிதான் திரும்ப எரிப்பாவ, சூடேத்துற கேஸ் ராத்திரி ஷிப்டு கணக்குல ஏறிரும். பெரிய எடத்துல அனுமதி வாங்கியாச்சின்னு சூப்பர்வைசர் சொன்னாரு. உங்க கையெழுத்தும் இருக்குன்னுதான் நாங்க நெனச்சோம்."

என் கையெழுத்து! அந்த ஆபீஸ் பஸ்ஸில் நான்தான் தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து படப்பைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் திரும்பிச் சாலை ஏறியதும் எனக்குப் பின்னால் அடுப்பை அணைத்திருக்கிறார்கள். முதலிலிருந்து சொல் என்று அவளை உட்காரவைத்தேன்.

நடந்ததை இசக்கி சொன்னாள். ஆலையின் மேற்குச் சுவரை ஒட்டிப் பிளாட் போட்ட காலி நிலம், அதைத் தாண்டியதும் அவள் தங்கியிருக்கும் பெண்கள் ஹாஸ்டல். அந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்டு. சாயங்காலம் ஹாஸ்டல் நடத்தும் மேரியக்கா ஆலை வாசலுக்கு ஓடி வந்து செக்யூரிட்டியிடம் கத்தியிருக்கிறார். ஆஸ்துமா உள்ள ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டி ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். செக்யூரிட்டி கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தான். சூப்பர்வைசர் இடத்தில் இல்லை. போனை எடுத்தவள் இசக்கி.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அடுப்பைப் பட்டென்று எரிய வைக்க முடியாது, சூடேற நேரம் வேண்டும். அதுவரை கெட்டிலிலிருந்து ஆவி வராமல் பார்க்க வேண்டும் என்றால் காய்ச்சுவதை நிறுத்த வேண்டும். ரெசினைப் பாதியில் கண்டபடி நிறுத்தினால் கெட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும், பிறகு சுத்தியல் கொண்டுதான் உடைக்க வேண்டும். இவள் பதறவில்லை. உள்ளே சரக்குப் போவதை மட்டும் நிறுத்தி, சூட்டை மெதுவாக இறக்கி, ரெசின் கெட்டியாகாத நிலையில் பிடித்து வைத்தாள். அடுப்பு சூடேறியதும் திரும்பத் தொடங்கினாள். பேட்ச் கெடவில்லை, தாமதம் மட்டும்தான். ஆனால் அடுப்பு சூடேற எரிவாயுவை விழுங்கியதில் சுவரிலிருந்த திரை சிவந்துபோனது.

"வேற என்ன செய்ய மேடம்? பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு வந்து சொல்லுதாவ. நான் கையக் கட்டிக்கிட்டு அந்தத் தெரையப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

டிரெய்னிதானே, வீட்டுக்குப் போ என்று அப்போதே அனுப்பியிருப்பார்கள். மற்ற ஆபரேட்டர்கள் சேர்ந்து, முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று பிடித்த பிடியில் விசாரணை வந்தது. அதில் நிர்வாகத் தரப்புச் சாட்சி யார் தெரியுமா? நான். அன்றைக்குக் கார்பன் கணக்கு கூடியதா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அடுத்த நாள் நான் ஆபீஸ் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே ஹாஸ்டலுக்குப் போனேன். மேரியக்கா உள்ளூர்க்காரர். வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மேடம், கம்பெனி ஆளா? எதுனா கையெழுத்து வாங்க வந்தியா?"

"இல்லீங்க. வாடை எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"இப்போ இன்னா தெரியும்? காத்து திரும்பறவரிக்கும் மாடில குந்திகினு இரு. அப்பால சொல்லு."

மாடிக்குப் போய்த் துணி காயும் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். பகல் ஷிப்டு முடித்து வந்த பெண்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கியது. கிழக்கிலிருந்து கடல் காற்று வந்து துணிகள் ஆட ஆரம்பித்தன. நம் பக்கத்தில் நாள் முழுக்க வெந்து கிடப்பவர்கள் அந்தக் காற்றுக்காகத்தானே காத்திருப்போம்? இந்தப் பெண்கள் அது வந்ததும் அவசரமாகத் துணிகளை உருவிக்கொண்டு கீழே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காரணம் தெரிந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. முப்பது வருடமாக ரசாயன ஆலையில் இருந்தவள் நான், என்னாலேயே அங்கே உட்கார முடியவில்லை.

கீழே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துணி செருகியிருந்தார்கள். மேரியக்கா சொன்னார்: "பொண்ணுங்க ராவுல சோறு துன்ன மாட்டேங்குது மேடம். துன்னா வாந்தி. ஆத்தா அப்பன வுட்டுட்டு அம்மாந் தூரத்திலேர்ந்து வந்து கீதுங்க. இன்னாத்த கொளுத்துறீங்க உள்ள?"

கொளுத்தவில்லை என்பதுதான் பிரச்சினை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

மறுநாள் காலை பிளான்ட் ஹெட்டின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகமில்லை.

"அடுப்ப அணைச்சிட்டு கார்பன் குறைஞ்சிடுச்சுன்னு எழுதறீங்களே, வெட்கமா இல்ல?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் என்று சொல்லி முடித்துவிட முடியாது, அவருக்கும் கழுத்தில் கயிறு இருந்தது. "மேடம், இந்த வருஷம் கணக்கு குறையலன்னா கார் கம்பெனி ஆர்டர் போயிடும். ஆர்டர் போச்சுன்னா அந்தப் பொண்ணுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. நான் யாருக்காகப் பண்றேன்?"

"ஆலையச் சில நாள் நிறுத்தி வேலை பாத்திருந்தா ஒழுங்காவே குறைஞ்சிருக்கும்."

"இப்ப அதப் பேசி என்ன? விசாரணைல கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறீங்க. ஆலோசகரா வச்சுக்கறதப் பத்தி மேல பேசிட்டிருக்கேன்."

எலும்புத் துண்டு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இவர்களிடம் கத்திப் பயனில்லை, காகிதம் காட்டியும் பயனில்லை. காகிதத்தில்தான் எல்லாம் பச்சையாக இருக்கிறதே.

விசாரணை மதியம் வைத்திருந்தார்கள், பயிற்சிக் கூடத்தில். ஏசி கிடையாது, ஜன்னல்கள் திறந்திருந்தன. அது மேற்குச் சுவரோரம், ஹாஸ்டலுக்கு நேர் இந்தப் பக்கம் இருக்கும் கட்டடம். விசாரணை அதிகாரியாகக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள், சாதுவான வயதானவர். நிர்வாகத் தரப்பில் எச்.ஆர். மேனேஜர். எதிரே இசக்கியும், துணைக்கு ஒரு ஆபரேட்டரும். பிளான்ட் ஹெட் இல்லை. அன்று சாயங்காலம் சென்னையில் ஒரு ஓட்டலில் பசுமை விருது விழா, அதற்குக் கிளம்பிப் போய்விட்டார். இசக்கி கைகளை மடியில் கோத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

எச்.ஆர். மேனேஜர் கேட்டார்: "சம்பவத்தன்னிக்கு கார்பன் கணக்கு கூடிச்சா மேடம்?"

"கூடிச்சு."

"அவ்வளவுதான். நன்றி" என்று உட்காரப் போனார்.

"அய்யா, நான் இன்னும் முடிக்கல" என்றேன் விசாரணை அதிகாரியிடம். "கூடிச்சுன்னா எதுலேர்ந்து கூடிச்சு, எப்படி அளக்கறோம்னு சொன்னாத்தானே பதிவுல சரியா இருக்கும்?"

அவர் நல்ல மனிதர், சொல்லுங்கம்மா என்றார். நான் ஆரம்பித்தேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், நான் ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயத்துக்கு இரண்டு வார்த்தை செலவழிக்க மாட்டேன். அன்றைக்குப் பேசினேன் பாருங்கள். பூமி எப்படிச் சூடாகிறது என்பதில் தொடங்கினேன். பாய்லருக்கு வந்தேன். லாரிக்குப் போனேன். கேன்டீன் சாம்பார் வரைக்கும் சொன்னேன். எச்.ஆர். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், "மேடம், சுருக்கமா" என்று கெஞ்சினார். வக்கீல் தேநீர் வாங்கி வரச் சொன்னார். நான் தேநீரில் எவ்வளவு கார்பன் என்று விளக்கினேன். இசக்கி முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆபீஸ் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரக்கிளை லேசாக ஆடியது. அப்புறம் நன்றாக ஆடியது.

முதலில் வக்கீல்தான் மூக்கைச் சுருக்கினார். கைக்குட்டையை எடுத்தார். "என்னம்மா இது, பெயின்ட் அடிக்கிறாங்களா? கண்ணெல்லாம் எரியுது."

எச்.ஆர். மேனேஜர் துள்ளி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார்.

"எங்க ஹாஸ்டல்லயும் இப்பிடித்தான் சார் சாத்துவோம்" என்றாள் இசக்கி. "சாத்தினாலும் வரும்."

அவர் கை ஜன்னல் கதவிலேயே நின்றது. வக்கீல் இரும ஆரம்பித்தார். தண்ணீர் கொடுத்தோம். எச்.ஆர். மேனேஜர் இன்டர்காமைத் தூக்கினார், பதற்றத்தில் ஸ்பீக்கர் பட்டனையும் அழுத்திவிட்டார். கன்ட்ரோல் ரூமில் அன்று பாபு. பர்மனென்ட் ஆபரேட்டர், மண்ணூர்க்காரர்.

"யோவ் பாபு, அந்த அடுப்ப உடனே ஆன் பண்ணுய்யா!"

"எழுத்துல குடுங்க சார்."

"என்னய்யா விளையாடறியா? நான் சொல்றேன், ஆன் பண்ணு!"

"வெளாட்டு இன்னா சார் கீது? போன தபா ஒரு பொண்ணு எழுத்து இல்லாம ஆன் பண்ணிச்சு. அது இப்போ உங்க எதிர்ல குந்திகினு கீது. எனக்கும் புள்ளகுட்டி கீது சார். எழுத்துல குடுங்க."

வக்கீலின் இருமல் நிற்கவில்லை. எச்.ஆர். மேனேஜர் சென்னைக்குப் போன் போட்டார். பிளான்ட் ஹெட் எடுக்கவில்லை, விருது வாங்கிக்கொண்டிருந்திருப்பார். வேறு வழியில்லை. இசக்கியின் குற்றங்கள் எழுதியிருந்த தாள்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வாடை அதிகமாக இருப்பதால் அடுப்பை உடனே இயக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வக்கீல் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "இந்தப் பொண்ணு பண்ணின குற்றம் இதேதானே சார்?"

எச்.ஆர். மேனேஜர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினார்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. பழியை ஆலோசகர்கள் தலையில் போட்டார்கள். லட்டுப் போட்டி சத்தமில்லாமல் நின்றது. பொய்யாகக் குறைந்த மாதங்களின் கணக்கைத் திருத்த வேண்டும் என்று நான் எழுதினேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. நான் கையெழுத்துப் போட மறுத்த அறிக்கையில் வேறொருவர் போட்டார். அந்த முதல் இறக்கத்தைத்தான் போன மாதம் திரையில் பார்த்துக் கைதட்டினீர்கள்.

அடுத்து வந்த பொங்கல் விடுமுறையோடு சேர்த்துச் சில நாள் ஆலையை நிறுத்தினார்கள். கசியும் குழாய்களை மாற்றினார்கள், அடுப்பின் சூட்டைப் பிடித்துத் திருப்பினார்கள். கணக்கு நிஜமாகவே இறங்கியது. ஆர்டரும் போகவில்லை, சரக்கும் நிற்கவில்லை. படத்தில் இரண்டாவது இறக்கம் உண்மையான இறக்கம். முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா? அந்தப் பிள்ளைகள் அத்தனை மாதம் ஈரத் துணியை ஜன்னலில் செருகிக்கொண்டு தூங்கியிருக்க வேண்டாம் அல்லவா? இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாக ஆத்திரம் வருகிறது.

இசக்கி? நிரந்தரமானவர்களின் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. காலியிடம் இல்லையாம். அதே வாரம் அவள் உட்கார்ந்த நாற்காலிக்குப் புது டிரெய்னி எடுத்தார்கள். ஓய்வுபெறுவதற்கு முன் நான் போட்ட கடைசிச் சண்டை அதுதான். "குற்றம் நிரூபணம் ஆகலையே சார்" என்றேன். பிளான்ட் ஹெட் நிதானமாகச் சொன்னார்: "ஆகலதான் மேடம். நாங்க தண்டனையும் குடுக்கலையே. டிரெய்னிங் முடிஞ்சுது, அவ்வளவுதான்." தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அதுவும் கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆலோசகர் வேலையை அவர்கள் முகத்திலேயே விட்டெறிந்துவிட்டு வந்தேன். அதனால் இசக்கிக்கு ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் ஊருக்குப் போகவில்லை. சில மாதம் கழித்துப் போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டதாம், மண்ணூர்ப் பக்கம் இன்னொரு ரெசின் ஆலையில்.

"அதுக்கு முன்னால ஒரு கம்பெனிக்குப் போனேன் மேடம். எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, ஒனக்கு ஏதாவது கேக்கணுமான்னாவ. இங்க சாயங்காலமும் அடுப்பு எரியுமா சார்னு கேட்டேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. சொல்லி அனுப்புதோம்னாவ. இன்னும் சொல்லி அனுப்புதாவ."

"இந்த எடத்துல?"

"இங்கயும் அதேதான் கேட்டேன். மேனேஜர் வந்து பாருன்னு கூட்டிட்டுப் போனாரு. அவரு பொகபோக்கியக் காட்டுதாரு. நான் அதப் பாக்கல மேடம். மேக்குச் சொவருக்கு அந்தப் பக்கம் போயி, காத்து வரட்டும்னு நின்னேன். ஒரு வாடையும் இல்ல. அப்புறந்தான் சேருதேன்னு சொன்னேன்."

வேலை இல்லாமல், வாடகை கொடுக்க வேண்டிய நிலையில், வேலை தருகிறவனைக் காக்க வைத்துவிட்டு, சுவருக்கு வெளியே நின்று மூச்சு இழுத்துப் பார்த்திருக்கிறாள். உங்களில் பலருக்கு அவளைவிடப் பெரிய பட்டம் இருக்கிறது, பர்மனென்ட் வேலை இருக்கிறது. நாளைக்கு உங்கள் மேசைக்கும் ஒரு அறிக்கை வரும். எண் நன்றாகக் குறைந்திருக்கும், கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அன்றைக்கு ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிடுங்கள். காற்று திரும்பும் நேரம் வரை மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். லட்டை அப்புறம் சாப்பிடலாம்.